டீச்சரிடம் கேளுங்கள்: வெயிலில் ஓர் இலைப் படம்

போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன்: மஞ்சள் பூசிய கடதாசியில் வேப்பிலையை வைத்து வெயிலில் போட்டால் இலையின் உருவம் அப்படியே பதிந்துவிடும், பிள்ளைகளோடு செய்து பாருங்கள் என்று. அந்த நாலு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பலரும் கேட்டது ஒன்றையே என்பதால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். கல்லடியில் 31 வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள் நான். இப்போது வீட்டு முற்றத்தில் பேரப்பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும்தான் என் வகுப்பு. அவர்களோடு செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், என் முன்பள்ளியில் 26 பிள்ளைகள். வெயிலில் படம் பிடிக்கும் நீலக் கடதாசி என்று ஒன்றை போனில் பார்த்தேன். மட்டக்களப்பு டவுனில் ஏறி இறங்காத கடையில்லை, கிடைக்கவில்லை. கெமிக்கல் இல்லாமல், காசும் அதிகம் இல்லாமல் செய்ய வழி உண்டா?
— முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, அந்தக் கடதாசியைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்கு வேண்டியது குசினியிலேயே இருக்கிறது.

வெள்ளைச் சட்டையில் கறி தெறித்தால் என்ன நடக்கிறது? சவர்க்காரம் போட்ட உடனே மஞ்சள் கறை சிவந்துவிடும். ஐயோ, கறை கூடிவிட்டதே என்று பதறுவோம். அலசி வெயிலில் போட்டால் பின்னேரம் கறையைக் காணோம். நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமினை வெயில் உடைத்துவிடும். சவர்க்காரம், சுண்ணாம்பு, அப்பச்சோடா மாதிரிக் காரப் பொருள் பட்டால் அதே குர்க்குமின் செம்மண் நிறமாகும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீருக்குச் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்கிறதே, அதுவும் இதுதான். இலை மறைத்த இடத்தில் மஞ்சள் தங்கும், வெயில் பட்ட இடத்தில் வெளுக்கும். பிறகு சோடாத் தண்ணீரில் நனைத்தால் தங்கிய மஞ்சள் மட்டும் சிவக்கும்.

மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூளுக்குக் கால் கிளாஸ் ஸ்பிரிட் போதும். கலந்து பத்து நிமிடம் விட்டுப் பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். இந்த வேலை உங்களுடையது, பிள்ளைகளுடையது அல்ல. ஸ்பிரிட் நெருப்பைக் கண்டால் பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வடித்த சாற்றைத் தடிப்பான சித்திரத் தாளில் பிரஷ்ஷால் ஒரே திசையில் பூசி, வெளிச்சம் படாத அறையில் காயவிடுங்கள். காய்ந்ததும் அலுமாரிக்குள் வைத்துவிடலாம். முதல்நாள் இரவே இதெல்லாம் முடிந்துவிட்டால் காலையில் பிள்ளைகளின் கையில் காய்ந்த தாளை மட்டும் கொடுக்கலாம்.

மஞ்சள்தூளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2020 இல் மஞ்சள் விலை ஏறித் தட்டுப்பாடு வந்ததே, அந்த நேரம் ஒரு கடையில் வாங்கிய பொதியில் பாதிக்கு மேல் மா. தாளில் பூசியதும் சுண்ணாம்புச் சுவர் மாதிரிப் பொருக்கு வந்து உதிர்ந்தது. அன்றைக்கு வெயிலுக்காகக் காத்திருந்த பன்னிரண்டு பிள்ளைகளின் முகம் இப்போதும் எனக்கு நினைவில் நிற்கிறது. அதற்குப் பிறகு காய்ந்த மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பித்துத்தான் செய்கிறேன்.

காலையில் பிள்ளைகள் வந்த கையோடு, எட்டே முக்காலுக்கு, தாளின் மேல் இலையை வையுங்கள். மேலே பாரம் வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் பாரம் இல்லாத தாள் ஒன்றுகூட முற்றத்தில் நிற்காது. கண்ணாடித் துண்டு சின்னக் கைகளுக்கு ஆகாது. பழைய சீடிப் பெட்டியின் மூடி நல்லது, தெளிவாக இருக்கும். தாளைச் சீடிப் பெட்டி அளவுக்கே வெட்டினால் 26 பிள்ளைகளுக்கு ஏ4 தாள் 13 போதும். இரண்டு பக்கமும் உடுப்புக் கிளிப் மாட்டி வெயிலில் வையுங்கள். தாள்தான் வெயிலில் கிடக்க வேண்டும், பிள்ளைகள் வேப்பமர நிழலில் இருக்கட்டும். பதினொன்றேகாலுக்கு, வீட்டுக்குப் போக முன்னர் எடுக்கலாம். நல்ல வெயில் நாளில் இரண்டரை மணித்தியாலம் காணும். மப்பு நாளென்றால் அடுத்த நாளும் வையுங்கள்.

பிறகு ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து இரண்டு கரண்டி அப்பச்சோடா கரையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளைத் தானே முக்கட்டும். இலையை எடுத்தபோது மங்கலாகத் தெரிந்த உருவம், தண்ணீர் பட்ட கணத்தில் காம்பிலிருந்து நுனி வரை சிவந்துகொண்டு வரும். அந்த நேரம் நீங்கள் வாய் திறக்கவேண்டாம், பிள்ளைகள் பேசட்டும்.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான வழி, நாம் கண்காட்சிக்கு வாங்கும் மலிவான டிமைத்தாள். கடும் நீலமோ ஊதாவோ எடுத்து இலையை வைத்து ஒரு நாள், இரண்டு நாள் வெயிலில் விடுங்கள். சாயம் வெளுத்து இலை மட்டும் கடும் நிறமாக நிற்கும். நான் இதையெல்லாம் தொடங்கியதே ஒரு டிமைத்தாளால்தான். முன்பள்ளிச் சுவரில் ஒரு வருடம் கிடந்த படத்தைக் கழற்றினேன். பின்னால் ஒட்டியிருந்த நீலத் தாளில் படம் இருந்த சதுரம் மட்டும் வாங்கிய அன்று போலவே இருந்தது. 'டீச்சர், ஏன் இங்க மட்டும் புதுசு?' என்று ஒரு சின்னப்பிள்ளை கேட்டாள்.

என் மகனுக்கு நாலு வயது. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா ஓடிப்போய் இலையைத் தூக்கிப் பார்க்கிறான். படம் கலைந்துவிடுகிறது, நான் ஏசுகிறேன், அவன் அழுகிறான். இந்த வயதில் பொறுமை பழக்குவது எப்படி?
— ஓர் அம்மா, ஆரையம்பதி

மகள், அவன் பார்க்க வேண்டும் என்றுதானே இதைச் செய்கிறோம்? பார்ப்பதற்கென்றே ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள்.

நீளமான மஞ்சள் தாள் ஒன்றில் ஐந்து இலைகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கல். மூடி வேண்டாம், காற்று இல்லாத மூலை போதும். முதல் இலையைப் பாண் ஓட்டோ வரும்போது அவன் எடுக்கலாம். இரண்டாவதைத் தம்பி குளிக்கும்போது, மூன்றாவதைக் கோயில் மணி கேட்கும்போது, நாலாவதைச் சோறு வடித்ததும், கடைசியைச் சாப்பிட்டு எழும்பியதும். நாலு வயதுப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் என்பது ஒரு சொல்தான். பாண் ஓட்டோ என்றால் அவனுக்குத் தெரியும். கடைசியில் தாளைச் சோடாத் தண்ணீரில் முக்கினால், முதலில் எடுத்த இலை இருந்த இடம் சுற்றியுள்ள நிறத்தோடு கிட்டத்தட்டக் கலந்து போயிருக்கும், கடைசி இலை நல்ல சிவப்பாக நிற்கும். நடுவில் உள்ளவை படிப்படியாகக் கூடும். எது கூட நேரம் கிடந்தது என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இன்னுமொன்று. அவன் கோணலாக வைத்த இலையை நேராக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பானவள். பெரியவர்கள் கை வைத்த படத்தைப் பிள்ளை அடுத்த நாளே மறந்துவிடும்.

என் வகுப்பில் ஒரு பொடியன் தடித்த காம்புள்ள பலா இலையை வைத்தான். மூடியை வைக்க விடவில்லை, இலைக்கு நோகுமாம். சரி என்று விட்டேன். இலை தாளோடு படியாமல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு ஓரம் கத்தியால் கீறியது போல, மற்ற ஓரம் புகை மாதிரி. நடுவில் இலை ஒருமுறை சறுக்கியும் இருக்கிறது, அதனால் காம்பு இரண்டு. மற்றப் பிள்ளைகள் பிழைத்துப்போச்சு என்றார்கள். அவன் தாளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், இலையைப் பழையபடி பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, 'டீச்சர், நிழல் நடந்திட்டு' என்றான். சூரியன் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை நகர்கிறது என்று பெரிய வகுப்பில் படிப்பிப்பார்கள். ஐந்து வயதில் அவன் அதைத் தன் தாளிலேயே கண்டுவிட்டான். அந்தத் தாளை அவன் என்னிடமே தந்துவிட்டுப் போனான்.

கட்டாரில் இருக்கும் மச்சான் பிள்ளைகளுக்கு நீலக் கடதாசிப் பொதி ஒன்று அனுப்பினார். முதல் தாளில் இலையே தெரியவில்லை, முழுவதும் நீலம். இரண்டாவது தாள் கழுவியதும் வெள்ளையாகப் போய்விட்டது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் மனைவி உடுப்புக் கழுவும் தூள் போட்டு அலச, நீலம் மங்கி மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒன்பது தாள் இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு தகப்பன், காத்தான்குடி

தம்பி, மூன்று தாளில் மூன்று பாடத்தையும் படித்துவிட்டீர்கள். மிச்சம் ஒன்பதும் வீண் போகாது.

முதல் தாள் விறாந்தையில் பிரிக்கப்பட்டிருக்கும். நம் கண்ணுக்கு நிழலாகத் தெரிந்தாலும் அங்கே வானத்து வெளிச்சம் நிறைய இருக்கிறது. உள் அறையில் திரையை இழுத்துவிட்டு, மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் தாளை எடுத்து, இலையை வைத்து, மூடியை அழுத்தி, அட்டை ஒன்றால் மறைத்துக் கொண்டுபோய் வெயிலில் அட்டையை எடுங்கள். இரண்டாவது தாளுக்கு வெயில் போதவில்லை. பொதியில் போட்டிருக்கும் நிமிடம் உச்சி வெயிலுக்கானது, பின்னேர வெயிலில் கூட நேரம் வேண்டும். நிமிடத்தைவிட நிறத்தைப் பாருங்கள். பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் தாள் மெல்லக் கறுத்துப் பிறகு வெளிறிச் சாம்பல் நிறத்துக்கு வரும். அப்போது எடுத்தால் சரி.

மூன்றாவது தாள்தான் எனக்குக் கவலை. இந்த நீலத்துக்குக் காரம் எதிரி. மஞ்சள் தாளுக்குச் சோடாத் தண்ணீர் உயிர் கொடுக்கும், நீலத் தாளை அதே தண்ணீர் அழித்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் செய்வதானால் பேசினை மாற்றுங்கள். நீலத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும், மஞ்சள் நிறம் கழன்று தண்ணீர் தெளியும் வரை. அப்போது நீலம் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்து ஒரு நாள் போனதும் காற்றுப் பட்டுக் கடுமையாகும்.

இந்தத் தாளில் இருப்பது இரும்பு உப்பு. வெயில் பட்ட இடத்தில் அது மாறி நீலமாகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். இலை மறைத்த இடத்து மருந்து கழுவும்போது போய்விடும், அதனால் இலை வெள்ளையாக நிற்கும். ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1842 இல் கண்டுபிடித்த முறை இது. அதே வருடம் பூச்சாறு பூசிய தாளை வெயிலில் வைத்தும் அவர் சோதித்து எழுதினார். நம் மஞ்சள் தாளும் அந்தக் குடும்பம்தான். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் இந்த நீலத் தாளில் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் புத்தகம் அதுதான். பாசியைக் கையால் வரைவது கடினம் என்பதால் பாசியையே தாளில் வைத்துவிட்டார். வாவிக் கரையில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், தம்பி. பாசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொடுத்துத் தூக்கினால் மயிரிழை மயிரிழையாக விரிந்தபடியே வரும். தண்ணீரை ஒற்றிக் காயவிட்டு, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே கடதாசியின் மேல் வைக்கலாம்.

வீடு கட்டும் பிளானை இன்றும் 'புளூ பிரிண்ட்' என்கிறோமே, அந்தப் பெயர் வந்ததும் இந்த நீலத்தால்தான்.

மருந்தைத் தனியாக வாங்கி வீட்டிலேயே பூசலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். அதில் ஒன்றான பொற்றாசியம் ஃபெரிசயனைட்டைச் சூடாக்கினாலோ கடும் அமிலத்தோடு சேர்த்தாலோ நச்சு வாயு வரும். பூசிய தாளாக வாங்கினால் கழுவுவது மட்டும்தான் வேலை. அந்தக் கையோடு பிள்ளைகள் தின்பண்டம் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இலை நன்றாகப் பதியும்? எதைத் தொடக்கூடாது?
— பயிற்சி ஆசிரியை, கல்முனை

நல்ல உருவமும் தட்டையான உடம்பும் உள்ள எதுவும் பதியும். முருங்கை இலைக் கொத்துக்கு நிகரில்லை, ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியே நிற்கும். வேப்பிலையின் ரம்பப் பல், கறிவேப்பிலையின் ஒழுங்கு, தொட்டாற்சுருங்கியின் இறகு எல்லாம் அழகு. தொட்டாற்சுருங்கி பறித்ததும் மூடிக்கொள்ளும், முள்ளும் இருக்கிறது. நீங்களே பறித்து, புத்தகத்துக்குள் விரித்து அமுக்கிய பிறகு கொடுங்கள்.

உங்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப் போங்கள். அடம்பன் இலை நடுவில் பிளந்து ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் பலர் அந்தக் கொடியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மணலில் காற்றோடு உருளும் இராவணன் மீசைப் பந்திலிருந்து நாலு முள்ளை உடைத்து வட்டமாக வைத்தால் நட்சத்திரம் விழும். முள் குத்தும், அதை உடைப்பது உங்கள் வேலை. கல்லடிக் கடற்கரையில் சவுக்குக் கொப்பின் நுனியை என் பேத்தி ஒருநாள் எடுத்துவந்தாள். தாளில் அது மழை பெய்வது போல விழுந்தது.

பச்சை இலையை அப்படியே வைக்காதீர்கள். வெயிலில் இலை வியர்க்கும். மூடியின் உள்பக்கம் பனி பிடித்தது போல நீர் கோக்கும், அது தாளில் இறங்கினால் திட்டுத் திட்டாகக் கறை. முதல்நாள் பழைய பேப்பருக்குள் வைத்து மேலே அம்மிக்குழவியோ தடித்த புத்தகமோ வைத்தால் ஈரம் போய்விடும். அரச இலையை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறவிட்டுச் சதையை மெதுவாகக் கழுவி எடுத்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அது பதியும் அழகுக்காக அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தொடக்கூடாதவை: அலரி, ஊமத்தை, எருக்கலை, கள்ளி. எருக்கலைப் பாலும் கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து. குண்டுமணியை அழகுக்காகத் தாளில் வைக்க நினைப்பார்கள், அந்த விதை கடும் நஞ்சு, வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள். இலை பொறுக்கப் போகும் முன்னர் இந்தச் செடிகளை நேரில் காட்டிப் பெயர் சொல்லுங்கள். பெயர் தெரிந்த செடியைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

மாரி காலத்தில் என்ன செய்வது?
— வாசகி, திருக்கோவில்

கார்த்திகை, மார்கழியில் வெயிலை நம்ப முடியாது. இலைகளைச் சேர்த்து அமுக்கிக் காயவைக்கும் காலம் அது. நல்ல காலம் எது என்றால், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம். அப்போது எங்கள் பக்கத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபடியும். முற்றத்தில் ஒரு தடியை நட்டால் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்குவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். அந்த நாட்களில் பதியும் இலையின் ஓரம் நல்ல கூர்மையாக இருக்கும். சூரியனை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மகள் செய்த மஞ்சள் படத்தைச் சுவரில் மாட்டினோம். ஒரு மாதத்தில் மங்கிவிட்டது. அழுகிறாள். அழியாமல் வைக்க ஏதும் பூசலாமா?
— ஒரு தகப்பன், ஏறாவூர்

மஞ்சள் படத்தை நிறுத்தி வைக்க வழி இல்லை, தம்பி. படத்தை எழுதிய வெளிச்சமே அதை அழித்துக்கொண்டிருக்கும். மேலே எதைப் பூசினாலும் வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்யும். செய்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுவரில் மாட்டுவதற்கு நீலப் படம்தான் ஏற்றது, அதையும் நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

மஞ்சள் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்து, பார்க்க நினைத்த நேரம் அவளே எடுத்துப் பார்க்கட்டும். இருட்டில் அது கனகாலம் இருக்கும். இரண்டு காம்புள்ள அந்தப் பலா இலையைப் பழைய வரவு இடாப்பு ஒன்றுக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். சிவப்பு பழுப்பாகிவிட்டது. காம்பு இரண்டும் தெரிகிறது, நிழல் நடந்த ஓரமும் தெரிகிறது.